கதையும் வினாவும்: கொச்சி அச்சுநூல் முதல் இன்றைய தொடக்கப்பள்ளி வரை

1. முன்னுரை

தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் காலத்தால் இரண்டாவது, 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் வெளிவந்தது. 'கிரிசித்தியானி வணக்கம்' என வழங்கும் அந்நூலின் போர்த்துக்கேய மூலம், சிறுவர்க்குக் கற்பிப்பதற்கென்றே உரையாடல் வடிவில் எழுதப்பட்டதாகும். அச்சுக்கலை வரலாற்றிலும் சமய வரலாற்றிலும் இந்நூலுக்குரிய இடம் நன்கு அறியப்பட்டது. வாசித்துணர்தலைக் கற்பித்த வரலாற்றிலும் அதற்கோர் இடம் உண்டு. ஒரு நூல் சிறுவனிடம் வினா எழுப்பி விடை பெறுகின்ற முறை, தமிழ் அச்சில் இந்நூலோடு தொடங்குகிறது.

வினாவை நன்னூலார் ஆறு வகையாகப் பகுப்பர். அவற்றுள் இரண்டு இக்கட்டுரைக்கு வேண்டப்படுவன. விடையைத் தான் அறிந்திருந்தும், மாணாக்கன் அறிவானோ எனக் காண ஆசிரியர் வினவுவது அறிவினா. இதுவோ அதுவோ என ஒன்றில் துணியாது வினவுவது ஐயவினா. தொடக்கப்பள்ளியில் கதையை வைத்து வாசித்துணர்தலைக் கற்பிக்கும் முயற்சியின் வரலாற்றை இவ்விரு வினாக்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கதை பாடநூலுக்குள் வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. கதைக்கு இயல்பான ஐயவினாவோ இன்னும் வாயிலிலேயே நிற்கிறது என்பது இதன் கருத்து. அவ்வினா உள்ளே வராததால் விளையும் இழப்பு, இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைகளிடத்து மிகுதி. அதனை மட்டாஞ்சேரியை முன்வைத்து இறுதிப் பகுதிகள் விளக்கும்.

2. கொச்சியின் வினாவிடை நூல்

ஏசு சபையைச் சார்ந்த மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துக்கேய மொழியில் இயற்றிய ஞானோபதேச நூலை, அச்சபையின் அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் தமிழில் பெயர்த்தார். கொச்சியிலிருந்த 'தேவமாதா' கல்லூரியில் அது அச்சிடப்பெற்றது. முந்தைய ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறுநூல். இதுவோ 120 பக்கங்கள் கொண்டது. இதன் முகப்பில் மொழியின் பெயர் 'மலவார் அல்லது தமிழ்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. மேலைக்கடற்கரையின் மொழிகளுக்கு ஐரோப்பியர் தெளிவான பெயர் வரையறை செய்துகொள்ளாத காலம் அது. நூல் அச்சான இடம் கொச்சி. பயன்படுத்தியோர் பெரும்பாலும் முத்துக்குளித்துறையின் பரதவர். தமிழ் நூலொன்று மலையாளம் பேசும் நகரில் பிறந்தமை, பின்னர் நாம் காணவிருக்கும் இருமொழிச் சூழலுக்கு ஒரு முன்குறிப்புப் போல் அமைந்துள்ளது.

இந்நூலின் அமைப்பு எளியது. வினா அச்சில் உள்ளது. அதன் விடையும் உடனே அச்சில் உள்ளது. மாணாக்கன் விடையைத் தேடவேண்டுவதில்லை. மனத்திருத்தி மீளக் கூறினால் போதும். கூறும் விடை நூலிலுள்ள சொற்களினின்று விலகுமாயின் அது பிழையாகும். சமயக் கோட்பாட்டைப் பிறழாமல் கைமாற்றுதலே நோக்கமாகையால் இம்முறை அந்நோக்கத்திற்குப் பொருந்தியதே. ஆயினும் வினா என்பது விடையை மீட்டெடுக்கும் கருவி என்னும் எண்ணம் இதன்வழி அச்சுப் பண்பாட்டில் வேரூன்றியது. இக்காலத் துணைநூல்களில் வினாவின் கீழேயே விடையை அச்சிட்டு விற்கும் வழக்கம் இதன் தொலைதூர உறவே எனலாம்.

ஏழாண்டுகளின் பின், 1586இல், அன்றீக்கசு அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சேறியது. புனிதர்களின் வாழ்வை உரைநடையில் எடுத்துரைப்பது அது. எனவே எடுத்துரைப்பு என்னும் வகை தமிழ் அச்சில் விரைவிலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் அது நிகழ்ந்ததாக நம்பி ஏற்கவேண்டிய வரலாறு. 'இவ்வாறு நிகழ்ந்திருக்குமா, வேறு வழி இருந்ததா' என்று வினவ இடந்தரும் புனைவன்று. கொச்சியை ஒல்லாந்தர் 1663இல் கைப்பற்றியபின் அந்நகரில் ஏசு சபையாரின் அச்சுப்பணி தொடரவில்லை.

3. புள்ளியில்லா எழுத்தும் பொருளுணர்வும்

அக்கால எழுத்துமுறை வாசித்துணர்தலோடு நெருங்கிய தொடர்புடையது. சுவடி வழக்கில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடம் விடுவதும் இல்லை. தொடக்ககால அச்சும் இவ்வழக்கைப் பெரிதும் பின்பற்றியது. எனவே 'பல' என்றிருப்பதைப் 'பல' என்று படிப்பதா, 'பல்' என்று படிப்பதா. 'கல' என்பது கலத்தலா, கல்லா. 'கொடு' என்பது ஈதலைக் குறிப்பதா, 'கோடு' என நீண்டு ஒலிப்பதா என்பனவற்றையெல்லாம் தொடர்ப்பொருளே முடிவு செய்தது.

இதன் விளைவு கருதத்தக்கது. அறியாத ஓர் ஏட்டைப் பொருளுணராமல் பிழையற உரக்கப் படித்தல் அன்று இயலாத செயல். வாசிப்பே பொருளுணர்வுக்குச் சான்றாக நின்றது. வீரமாமுனிவர் (1680-1747) எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் புலப்படுத்திய பின்னரும், அச்சில் புள்ளியும் சொல்லிடைவெளியும் நிலைபெற்ற பின்னரும் இந்நிலை மாறியது. எழுத்து தெளிவுற்றது, கற்றல் எளிதாயிற்று. அதே வேளையில், ஒரு சொல்லும் விளங்காமலே ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படித்துவிடுவதும் இயல்வதாயிற்று. தமிழ் எழுத்து ஒலியை ஏறத்தாழ முழுமையாகக் காட்டுவது. ஆகவே இவ்வாய்ப்பு, எழுத்திற்கும் ஒலிக்கும் இடையே ஒழுங்கு குன்றிய ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் மிகுதி. பாடத்தின் இறுதியில் வினாப் பட்டியல் வேண்டப்பட்டமைக்கு இது ஒரு காரணம். பழைய எழுத்துமுறை தானே செய்துவந்த சோதனையை இனி ஆசிரியர் செய்யவேண்டியதாயிற்று.

4. திண்ணைப்பள்ளியில் மனப்பாடமும் பொருளும்

சுவடி வாசிப்பின் இவ்வருமையைத் திண்ணைப்பள்ளி தனக்குரிய வழியில் கையாண்டது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, எண்சுவடி, நிகண்டு ஆகியவை முதலில் செவிவழி மனத்தில் பதிந்தன. பின்னரே ஏட்டில் காணப்பட்டன. மனத்திலுள்ள பாடம் ஏட்டிலுள்ள எழுத்திற்குத் திறவுகோலாயிற்று. பொருள் வளர வளரத் தானே விளங்கும் என்னும் நம்பிக்கை இம்முறையின் அடித்தளம்.

1826இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ தொகுத்துரைத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அக்கணக்கெடுப்பிற்காகப் பல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை தெலுங்கு, கன்னடப் பள்ளிகளைப் பற்றியது. பேச்சுமொழிக்கு நெடுந்தொலைவிலுள்ள செய்யுள் நடையில் நூல்கள் அமைந்திருப்பதால் மாணாக்கர் ஒப்புவிக்கின்றனரேயன்றிப் பொருள் உணர்வதில்லை என்பது அவர் கூறிய குறை. அவ்வறிக்கையிலேயே, பள்ளிகளில் வழங்கிய நூல்களுள் பஞ்சதந்திரம் போன்ற கதைநூல்களும் இடம்பெற்றுள்ளன. ஆகவே கதை நம் பள்ளிகளுக்கு ஐரோப்பியர் கொணர்ந்த புதுப்பொருள் அன்று. எளிய உரைநடையில் அச்சான கதை, சிறுவர் கையில் தனி வாசிப்பிற்காகக் கொடுக்கப்பட்டமையே புதியது.

பொருளை உய்த்துணரும் பயிற்சி தமிழ் மரபில் இல்லாமல் இல்லை. எச்சம், குறிப்பு, இறைச்சி ஆகிய கோட்பாடுகளும், பாட்டில் சொல்லாது விடப்பட்டதை வருவித்துரைக்கும் உரையாசிரியர் முறையும் உலகின் வாசிப்புக் கலைகளுள் நுண்ணியவை. ஆனால் அவை முதிர்ந்த மாணாக்கர்க்கு உரியனவாகவே வைக்கப்பட்டன. ஏழு வயதுக் குழந்தையும் சொல்லாததை உணரவல்லது என்னும் எண்ணம் திண்ணையிலும் இல்லை. அதன்பின் வந்த அரசுப் பள்ளியிலும் நெடுங்காலம் இல்லை.

5. 1820களில் மூன்று கதைநூல்கள்

நான்கு ஆண்டு இடைவெளிக்குள் மூன்று ஊர்களில் மூன்று கதைநூல்கள் அச்சேறின. மூன்றும் கற்பித்தல் நோக்கின. மூன்றிலும் மொழிபெயர்ப்பின் கை உண்டு.

முதலாவது, 1822இல் இலண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் பதிப்பித்த வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'. தமிழ் மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும், சொல்லடைவும், முதற்கதையின் இலக்கணப் பகுப்பாய்வும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ் கற்கும் ஐரோப்பியர்க்காகத் திட்டமிடப்பட்ட வாசிப்புநூல் அது. ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடரும் தம்மை எண்ணிப் பார்க்கையில், எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவர் ஆற்றோடு போயினார் என்று அழுகின்றனர். வாசகன் இங்கு நகைக்கவேண்டுமாயின் இரண்டு கணக்குகளை ஒருங்கே மனத்தில் வைத்திருக்கவேண்டும்: உண்மையில் உள்ளவர் தொகை ஒன்று; கதைமாந்தர் நம்பும் தொகை மற்றொன்று. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிய சீடர், அது விழுந்த புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்று கருதும் இடமும் அத்தகையதே. இங்கே நகைப்பே வாசித்துணர்ந்தமைக்குச் சான்று. வேறு வினா வேண்டுவதில்லை.

இரண்டாவது, 1824இல் கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி அச்சிட்ட மலையாளச் சிறுநூல். 'செறுபைதங்ஙள்க்கு உபகாரார்த்தம் இங்க்லீஷில்நின்னு பரிபாஷப்பெடுத்திய கதகள்' என்னும் அதன் தலைப்பிலேயே பயனாளர், நோக்கம், மூலமொழி, நூல்வகை ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. கேரள மண்ணில் அச்சான முதல் மலையாள நூல் என்னும் சிறப்பும் இதற்கு உண்டு. கொச்சியில் சிறுவர்க்கான முதல் தமிழ் அச்சுநூல் வினாவிடையாக வெளிவந்தது. இரண்டரை நூற்றாண்டு கழித்துக் கோட்டயத்தில் சிறுவர்க்கான முதல் மலையாள அச்சுநூல் கதையாக வெளிவந்தது. இரண்டையும் வெளியிட்டோர் சமயத் தொண்டரே. இடைக்காலத்தில் ஐரோப்பாவில் குழந்தையைப் பற்றிய கருத்து மாறியிருந்ததும், சிறுவர்க்கெனத் தனிக் கதைநூல்கள் அங்குப் பெருகியிருந்ததும் இம்மாற்றத்திற்குப் பின்புலம்.

மூன்றாவது, 1826இல் சென்னையில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்து வெளியிட்ட 'பஞ்சதந்திரக் கதை'. சென்னைக் கல்விச் சங்கத்தின் சூழலில் உருவான இந்நூல் பின்னர்ப் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக விளங்கியது. அவருடைய 'கதாமஞ்சரி'யும் பள்ளிகளில் பரவிற்று. பஞ்சதந்திரத்தில் கதைக்குள் கதை வரும்; ஒரு பாத்திரம் மற்றொன்றை இணங்கவைப்பதற்காகவே கதை சொல்லும். 'இக்கதையை இவ்விடத்தில் இப்பாத்திரம் ஏன் சொல்கிறது' என்னும் வினாவே அந்நூலின் உயிர். பாடநூலுக்காகக் கதைகள் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டபோது இவ்வினா மறைந்தது. கதையின் இறுதியில் ஒரு நீதிவாக்கியம் அதனிடத்தில் அமர்ந்தது.

6. பாடநூல், தேர்வு, நீதி

ஆறுமுக நாவலர் 1850-51ஆம் ஆண்டுகளில் வெளியிடத் தொடங்கிய பாலபாட வரிசை தமிழ் வாசிப்புக் கல்விக்குச் செய்த தொண்டு பெரிது. சந்தி பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் அவர் அமைத்த உரைநடை, இளம் வாசகனின் கண்ணுக்கு வழிகாட்டியது. எனினும் நான்காம் பாலபாடத்தின் தலைப்புகள் கடவுள், ஆன்மா, கொலை, களவு, பொய், செய்ந்நன்றியறிதல் எனச் செல்வன. அங்கு உரைநடை கருத்தை நேரே எடுத்துரைக்கும் கருவியாகவே நிற்கிறது. வாசகன் உய்த்துணரத்தக்க இடைவெளி அதில் விடப்படுவதில்லை. சமயப் பாதுகாப்பு நாவலரின் முதன்மை நோக்கமாக இருந்த சூழலில் அதற்கு நியாயம் உண்டு.

1860களில் சென்னை மாகாணத்தில் வந்த தேர்ச்சிக்கேற்ற மானியமுறை மற்றொரு நெருக்கடியை உண்டாக்கியது. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வந்து ஒவ்வொரு மாணாக்கனையும் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். சில நிமிடங்களில் முடியவேண்டிய அச்சோதனைக்கு ஏற்றது ஒரே விடையுடைய வினாவே. இரு விடைக்கு இடந்தரும் வினா ஆய்வாளர்க்கும் இடர், ஆசிரியர்க்கும் இழப்பு. மானியமுறை பின்னர்க் கைவிடப்பட்டது. அதன் வினாவோ நிலைத்துவிட்டது.

அதன் விளைவைத் தமிழ்க் குழந்தை அனைவரும் அறிந்த ஒரு கதையிலேயே காணலாம். ஈசாப்புக் கதையில் காக்கையின் வாயில் இருப்பது இறைச்சித் துண்டு அல்லது பாலாடைக்கட்டி. அதற்கு உரியவர் யார் என்பது அக்கதையில் முதன்மை பெறுவதில்லை. தமிழில் அது வடையாயிற்று. வடை என்றவுடன் அதனைச் சுடுகின்ற பாட்டி ஒருத்தி கதைக்குள் வந்தாள். உணவின் பெயரை மாற்றிய மொழிபெயர்ப்பு ஒரு பாத்திரத்தையே படைத்துவிட்டது. மேலை வடிவில் ஏமாந்தவர் ஒருவர். தமிழ் வடிவில் இருவர். பாடநூலின் நீதியோ 'புகழ்ச்சிக்கு மயங்காதே' என்று காக்கைக்கு மட்டுமே அறிவுரை கூறி முடிகிறது. 'வடை யாருடையது?', 'வடையை இழந்த காக்கைக்காக இரங்கலாமா?', 'நரி செய்ததும் காக்கை செய்ததும் ஒன்றா?' எனக் கேட்டால் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளும் கட்சி பிரிந்து வாதிடுவர். தம் கட்சிக்குச் சான்று காட்டக் கதையை மீண்டும் புரட்டுவர். மீண்டும் புரட்டுதலே வாசித்துணர்தல். 'காக்கை எங்கே அமர்ந்தது?' என்னும் வினாவிற்கு விடையளிக்கக் கதையைப் புரிந்துகொள்ளவே தேவையில்லை. வினாவிலுள்ள 'அமர்ந்தது' என்னும் சொல்லைப் பாடத்தில் தேடி, அதற்கு முன்னுள்ள சொல்லைப் பெயர்த்தெழுதினால் போதும்.

7. வினாவைப் பற்றிய ஆய்வு

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொடக்கப்பள்ளி வகுப்புகளை நேரில் நோக்கி டொலோரசு டர்க்கின் 1978-79இல் வெளியிட்ட ஆய்வு, வாசிப்புப் பாடவேளையில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்த நேரமே பொருளுணரும் வழியைக் கற்பிக்கச் செலவிடப்பட்டது எனக் காட்டியது. ஆசிரியர் வினாக்களைத் தொடுத்தனர். ஆனால் அவை விளங்கிற்றா எனச் சோதித்தனவேயன்றி, விளங்கிக்கொள்வது எவ்வாறு என்று காட்டவில்லை. 1980களில் டாஃபி ரஃபேல் வினாக்களை விடை இருக்கும் இடத்தைக்கொண்டு பகுத்தார்: ஒரே தொடரில் இருப்பது, பல தொடர்களைக் கூட்டிப் பெறுவது, ஆசிரியர் கூற்றோடு வாசகன் அறிவும் சேர்ந்து பெறுவது, வாசகன் அறிவிலேயே இருப்பது என்பன அவை. இப்பகுப்பைக் குழந்தைக்கே கற்பித்து, விடையை எங்கே தேடுவது என்று அறியச் செய்தமை அவர் முறையின் சிறப்பு.

இதனை நன்னூற் பகுப்போடு ஒப்பிடுதல் பயன் தரும். ரஃபேலின் பகுப்பு விடை இருக்குமிடத்தை நோக்குவது. நன்னூலாரின் பகுப்பு வினவுவோன் நிலையை நோக்குவது. இரண்டையும் இணைத்தால் வகுப்பறையின் உண்மை நிலை புலப்படும். விடை பல தொடர்களில் பரந்திருப்பினும், ஆசிரியர் ஒரே விடையை முன்னரே முடிவு செய்திருந்தால் அது அறிவினாவே. குழந்தை கதையைவிட ஆசிரியர் முகத்தையே வாசிக்கும். ஆசிரியரும் உண்மையாகவே ஐயுறும் வினாவில்தான் குழந்தை நூலை நோக்கித் திரும்பும்.

இன்றைய அளவீடுகளும் இவ்வகையில் எண்ணத்தக்கன. 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்திவரும் கல்வி நிலை ஆய்வின் வாசிப்புக் கருவியில் எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகள் உள்ளன. உச்சப்படி 'கதை' எனப்படினும், குழந்தை அதனைத் தடையின்றி உரக்கப் படிப்பதே அடிப்படைச் சோதனை. நாடெங்கும் ஒப்பிடத்தக்க எளிய கருவி என்னும் வகையில் அதன் பயன் பெரிது. ஆனால் மூன்றாம் பகுதியில் கண்டவாறு, தமிழ்போலும் ஒலிக்காட்டு எழுத்தில் உரக்கப் படித்தல் பொருளுணர்வுக்குப் போதிய சான்றாகாது. 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் வாசிப்பைப் பொருளுணர்வோடு இணைத்துக் கூறுவது இத்திசையில் ஒரு முன்னேற்றம்.

8. மட்டாஞ்சேரி: ஒரு கதை, இரு இலக்கணம்

வினா நின்ற நிலையிலேயே நிற்க, குழந்தையின் மொழிச்சூழல் மாறினால் என்ன நேரும் என்பதைக் காண மட்டாஞ்சேரி ஏற்ற களம். மலையாளத்தோடு கொங்கணி, குசராத்தி, கச்சி, தமிழ் முதலிய மொழிகள் சில தெருக்களின் எல்லைக்குள் வழங்கும் வணிகப் பகுதி அது. 1818இல் டாசன் பாதிரியார் அங்கு ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அருகிலுள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியில், ஒல்லாந்தர் காலத்தில் தமிழகத்திலிருந்து குடியேறிய வண்ணார் மரபினர் இன்றும் தமிழை இல்லமொழியாகப் பேணி வாழ்கின்றனர். 1990 பிப்ரவரி 4ஆம் நாள் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பெற்ற எர்ணாகுளத்தில்தான் இப்பகுதிகள் அடங்கும். எழுத்தறிவு என்னும் முதற்படி இங்கு எப்போதோ கடக்கப்பட்டது. எஞ்சியிருப்பது பொருளுணர்வு என்னும் அடுத்த படி. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் பாலக்காடு, இடுக்கி போன்ற எல்லைப்புற மாவட்டங்களில் உள்ளன. ஆகவே கொச்சித் தமிழ்க் குழந்தை பொதுவாக மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கதை வாசிக்கப் பழகுகிறது.

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகளாகையால் இதில் இடர்ப்பாடு குறைவு என்று தோன்றும். சொல்லளவில் அது உண்மை. கதை வாசிப்பில் வேறோர் இடர் உண்டு. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும்; மலையாள வினை அவற்றைக் காட்டுவதில்லை. ஏ.ஆர். இராசராச வர்மா தம் 'கேரள பாணினீய'த்தில் மலையாளம் தமிழினின்று வேறுபட்ட வழிகளாகக் கூறிய ஆறனுள் ஒன்று இப் 'புருஷபேத நிராசம்'. இதனை ஒரு சிறு கதைப்பகுதியால் விளக்கலாம்:

ராமுவும் அக்காவும் படகுத்துறைக்குப் போனார்கள். படகு வந்தது. ஏறினாள். கையசைத்தான்.

இதனை மலையாளத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'ராமுவும் சேச்சியும் போட்டுஜெட்டியிலேக்குப் போயி. போட்டு வந்நு. கயறி. கை வீசி' என வரும். படகில் ஏறியவர் அக்காள், கரையில் நின்றவன் ராமு என்பதனைத் தமிழ் விகுதிகளே சொல்லிவிடுகின்றன. மலையாளத்தில் அது சொல்லப்படவில்லை. பெயரை மீண்டும் கூறவேண்டும், அல்லது முன்பின் நிகழ்ச்சிகொண்டு வாசகன் உணரவேண்டும். 'படகில் சென்றவர் யார்?' என்னும் ஒரே வினா, தமிழில் விகுதியை நோக்கினால் விடை தரும் எளிய வினா. மலையாளத்தில் உய்த்துணர்வு வேண்டும் வினா.

மலையாளத்தையே இல்லமொழியாகக் கொண்ட குழந்தை, வினையில் இல்லாத எழுவாயைச் சூழலிலிருந்து பெறும் பழக்கத்தைப் பேச்சிலேயே ஈட்டிவிடுகிறது. தமிழ்க் குழந்தை விகுதியை நம்பிப் பழகியது. எழுத்தையெல்லாம் பிழையின்றிப் படித்தபின்னும் 'யார்' என்னும் வினாவில் அது தடுமாறுவதற்கு இலக்கணம் ஒரு காரணமாகலாம். வினாவின் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும் முறையில் இக்காரணம் வெளிப்படாது. குழந்தை மந்தபுத்தியுடையது என்னும் முடிவே எஞ்சும். 'எதைக்கொண்டு அவ்வாறு நினைத்தாய்?' என்று ஒருமுறை கேட்டால் காரணம் புலப்பட்டுவிடும். ஓர் இலக்கண வேறுபாடு ஒரு குழந்தையின் அறிவுக்குறையாகப் பதிவாவதும் பதிவாகாமற்போவதும் அந்த ஒரு வினாவைப் பொறுத்தன.

9. மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு

நேரு பால புத்தகாலய வரிசையும் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையின் வெளியீடுகளும் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் வழங்கின. 2015இல் தொடங்கிய பிரதம் புக்சு நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' அப்பணியை எண்ணியல் வடிவில் விரித்துள்ளது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் 'நுழை, நட, ஓடு, பற' என்னும் நான்கு படிகளில் சிறு கதைநூல்களை வகுத்துத் தந்துள்ளது. இவற்றில் மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியன மூன்று.

முதலாவது, மறைத்து வைத்தல். மலையாளக் கதையாசிரியர் வந்தவர் ஆணா பெண்ணா என்பதனை இறுதிவரை மறைக்க விரும்பினால் 'வந்நு' என்னும் வினையே போதும். தமிழில் 'வந்தான்' என்றதும் மறை வெளிப்படும். 'வந்தார்' என்னும் உயர்வு ஒருமை ஒன்றே பால் காட்டாது நிற்பது. எனவே கதையின் முடிச்சு எங்கே உள்ளது என்று முதலில் அறிந்து, பின்னரே விகுதியைத் தெரிதல் வேண்டும்.

இரண்டாவது, விலங்குகளின் திணை. மலையாளத்தில் குறுக்கன் 'பறஞ்ஞு' என்பதோடு அமையும். தமிழில் நரி 'சொன்னது' என்பதா, 'சொன்னான்' என்பதா, நரியார் 'சொன்னார்' என்பதா என்று தெரிந்தெடுக்கவேண்டும். வஞ்சகம் செய்யும் நரிக்கு 'ஆர்' விகுதி தருகையில் அதிலோர் எள்ளல் பிறக்கிறது. 'நரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?' என்பது குழந்தையிடம் கேட்கத்தக்க நல்லதோர் ஐயவினா. அது மூலத்தில் இல்லாத, தமிழ் வடிவிற்கே உரிய வினா.

மூன்றாவது, படிநிலை. சொல்லெண்ணிக்கையும் வாக்கிய நீளமும் கொண்டு ஆங்கிலத்தில் வகுத்த படி தமிழில் அவ்வாறே பொருந்தாது. ஆங்கிலத்தில் பல சொற்களாக நிற்பது தமிழில் 'போகவேண்டியிருந்ததாம்' என ஒரே சொல்லாக அமையலாம். சொல்லெண்ணிக்கை குறையும், குழந்தையின் சுமை கூடும். எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள தொலைவும் இச்சுமையோடு சேரும். கொச்சித் தமிழ்க் குழந்தைக்கு எழுத்துத் தமிழைப் பள்ளியில் கேட்கும் வாய்ப்பு அரிதாகையால் அத்தொலைவு மேலும் நீளும். கதைமாந்தர் பேச்சையேனும் வாய்மொழிக்கு அணுக்கமாக அமைத்தல் இவர்களுக்குப் படிக்கட்டாக உதவும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: கொச்சியின் 1579ஆம் ஆண்டு நூல் வினாவையும் விடையையும் ஒருங்கே தந்தது. எழுத்துத் தெளிவு வளர்ந்தபோது பொருளுணராத வாசிப்பு இயல்வதாகி, வினாவின் தேவையும் வளர்ந்தது. 1820களில் கதை அச்சேறிக் கற்பித்தலுக்கு வந்தது. நீதிவாக்கியமும் தேர்வும் அதன் ஐயங்களை மூடின. இருமொழிச் சூழலில் அறிவினா மட்டுமே வழங்குமாயின், மொழியமைப்பின் வேறுபாடு குழந்தையின் குறையாகத் திரிந்து தோன்றும்.

இதற்குப் புதிய பாடநூல் எழுதும்வரை காத்திருக்கவேண்டுவதில்லை. இன்றுள்ள பாடத்தின் இறுதியில் அச்சாகியுள்ள நீதிவாக்கியத்தை மறைத்துவிட்டு, அறிவினா ஐந்து கேட்குமிடத்தில் ஐயவினா ஒன்றைச் சேர்க்கலாம். விடை கூறிய குழந்தையிடம் அதன் சான்றைக் கதையில் காட்டச் சொல்லலாம். இல்லமொழி வேறாயின் அதே கதையை அம்மொழியில் ஒருமுறை சொல்லச் செய்து, இரண்டு வடிவும் வேறுபடும் இடத்தை வகுப்பிற்கே காட்டலாம். இவ்வேறுபாடுகளை ஒவ்வொரு மொழியிணைக்கும் தொகுத்துத் தருதல் மொழியியலார் கடன். கதையின் ஐயத்தை ஐயமாகவே மறுமொழியில் நிறுத்துதல் மொழிபெயர்ப்பாளர் கடன். வினவுகின்ற பொறுப்பு வகுப்பாசிரியருடையது. வடை யாருடையது என்று அவர் கேட்கும் நாளில், பாட்டிக்கும் கதையில் உரிய இடம் கிடைக்கும்.